சிஸ்டம் ஸ்லோ: ரேம் போடுவதா, புதுசே வாங்கிவிடுவதா?

கேள்வி, 2025 மார்ச் 8

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பட்டனை அழுத்திவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால்கூட அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நெட் பக்கமும் பாதி திறப்பதில்லை. ரேமை 8 ஆக்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். இதெல்லாம் தண்டம், புதுசு வாங்கு என்கிறான் பையன். தக்காளி விலை கிடக்கிற கிடப்பில் புதுசுக்கு வழியில்லை. எது சரி?

2025 மார்ச் 9, காலை

ரேம் வாங்காதீர்கள். புதுசும் வாங்காதீர்கள். அது எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' இருக்கும், அதைத் தட்டுங்கள். சிபியு, மெமரி (ரேம்தான் அது), டிஸ்க் என்று மேலே சதவீதம் ஓடும். சிஸ்டம் திணறும் நேரத்தில் எது நூறில் போய் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். டிஸ்க்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பென்னாகரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை என்று கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. கடையில் மூன்று சிஸ்டம். உலகத்தில் சிஸ்டத்துக்கு வரக்கூடிய எல்லா நோயும் அந்த மூன்றுக்கும் வந்து போயிருக்கிறது.

டிஸ்க் 100 என்று காட்டும், பக்கத்தில் வேகம் அரை எம்பி, ஒரு எம்பி என்று இருக்கும். நூறு சதவீதம் உழைத்து அரை எம்பிதானா என்று குழம்ப வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம், படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல். ஹெட் அந்த வட்டத்துக்கு நகர்ந்து வர இன்னொரு 8, 9. ஆக, ஒரு துண்டை எடுக்க 12, 13 மில்லி வினாடி. வினாடிக்கு எண்பது நடை. ஒரு நடைக்கு 4 கேபி என்றால் மொத்தமே 320 கேபிதான். பெரிய சினிமா ஒன்றைக் காப்பி செய்யும்போது நூறு எம்பிக்கு மேல் ஓடுவதும் அதே டிஸ்க்தான், ஏனென்றால் அங்கே எல்லாம் வரிசையாக இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது வேண்டியதோ ஆயிரம் மூலையில் சிதறிக் கிடக்கிறது. உங்கள் ஊர் தக்காளி மண்டியில் கூடை கூடையாக வண்டியேற்றுவது ஒரு ரகம். ஒரு தக்காளிக்கு ஒரு நடை நடப்பது இன்னொரு ரகம்.

ஆகவே டிஸ்க் 100 என்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க் அது. அதில் சுற்றவும் எதுவும் இல்லை, நகரவும் எதுவும் இல்லை. எண்பது நடை என்பது பல்லாயிரமாகிவிடும்.

2025 மார்ச் 9, ராத்திரி

படம் அனுப்பியிருக்கிறார். டிஸ்க் 100, மெமரி 71, சிபியு 9. பந்தயத்துக்கு ஒரு கிலோ தக்காளி எனக்கு வர வேண்டும்.

2025 மார்ச் 12

'எஸ்எஸ்டி என்றால் மதர்போர்டு புதுசாக இருக்க வேண்டாமா' என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா ஒயர் மாட்டும் இடம் இருந்தால் போதும். பழைய போர்டில் சாட்டா 2 இருந்தால் வினாடிக்கு 300 எம்பி வரைதான் போகும், புதிய சாட்டா 3 அதைப்போல இரண்டு மடங்கு. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நமக்கு வேண்டியது அந்த 12 மில்லி வினாடி ஒழிவதுதான், அது எந்தப் போர்டிலும் ஒழியும்.

எங்கள் கடையில் முதல் எஸ்எஸ்டி 2019ல் வந்தது. மூன்று நிமிஷத்துக்கு மேல் எடுத்த சிஸ்டம் இருபத்தைந்து வினாடியில் எழுந்து நின்றது. பெட்டிக்குள் அதை மாட்டச் சட்டம் இல்லை. பத்திரிகைக் கார்டில் பூ ஒட்டும் டபுள் சைடு டேப்பை இரண்டு துண்டு வெட்டி ஒட்டினேன். அசையும் பாகம் இல்லாததால் எப்படி ஒட்டினாலும் அதற்குச் சம்மதம். இன்றைக்கும் அதே டேப்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த நாளை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசையும். காரணம் எஸ்எஸ்டி இல்லை, டிரைவில் இருப்பதை முழுக்க அழிக்கும் ஃபார்மேட். ஓஎஸ், அதாவது விண்டோஸ், போட வந்த தம்பி, 'அக்கா, டி டிரைவைத் தொட மாட்டேன், சி மட்டும் அடிக்கிறேன், டேட்டா எல்லாம் டியில்தானே இருக்கு?' என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார். நானும் ஆமாம் என்றேன். டெஸ்க்டாப்பில் வைப்பது எல்லாம் சி டிரைவில்தான் போய் உட்காருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டெஸ்க்டாப்பில் இருந்தது பெரும்பாலைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மறுநாள் காலை பிரிண்டுக்குப் போக வேண்டும். தாய்மாமன் பெயர் முதலில் வருமா, பெரியப்பா பெயர் முதலில் வருமா என்று நான்கு நாள் பஞ்சாயத்து நடந்து முடிவான வரிசை அது. குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். கடைசியாகத் திருத்திய புரூஃப் கிடைத்தது, ஒரு மூலையில் மஞ்சள் கறையோடு. அதை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை மறுபடி அடித்தேன்.

எனவே ஃபார்மேட்டுக்கு முன்னால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் வெளியே காப்பி எடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் மறந்துவிடாதீர்கள்.

2025 மார்ச் 13

ரெஃப்ரெஷ் அழுத்தினால் வேகம் கூடுமா என்று கேட்கிறார்கள். இல்லை, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் அழுத்துவதால் வேகம் கூடிவிடாது. அங்கே இருக்கும் ஐகான்களை மறுபடி வரைந்து காட்டும், அவ்வளவுதான். எஃப்5ஐ ஐம்பது தடவை தட்டுவது ஒரு மனத்திருப்தி. என் வீட்டுக்காரர் இன்னமும் தட்டுகிறார்.

2025 மார்ச் 13, இன்னொன்று

ரன் என்ற கட்டளைப் பெட்டியில் போய் டெம்ப், அப்புறம் பிரீஃபெட்ச் என்று அடித்து உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பது நம் ஊர் சர்வீஸ்காரர்களின் கணபதி ஹோமம். டெம்ப் வெறும் தற்காலிக ஃபைல்கள், அழிப்பதில் தப்பில்லை, இடம் கிடைக்கும். பிரீஃபெட்ச்சை விட்டுவிடுங்கள். எந்த புரோகிராம் திறக்கும்போது எந்தெந்தத் துண்டு வேண்டும் என்று விண்டோஸ் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. அழித்தால் அடுத்த தடவை மெதுவாகத்தான் திறக்கும், அப்புறம் அதுவே மறுபடி எழுதிக்கொள்ளும்.

சிதறிக் கிடக்கும் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டிஃப்ராக் பற்றிக் கேட்டவருக்கு: ஹார்ட் டிஸ்க் என்றால் செய்யலாம். எஸ்எஸ்டிக்கு வேண்டாம், சிதறிக் கிடந்தால் அதற்கு என்ன? அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் என்று வேறு ஒரு வேலை இருக்கிறது, விண்டோஸ் 7 முதல் தானாகவே நடக்கிறது.

காசு செலவில்லாமல் உண்மையிலேயே பலன் தருவது ஒன்றுதான். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்துக்குப் போய், கூடவே கிளம்பும் கூட்டத்தை டிஸேபிள் செய்யுங்கள். பிரிண்டருடன் வந்தது, என்றைக்கோ ஒரு நாள் மீட்டிங்குக்குப் போட்டது, டோரன்ட் எல்லாம் அங்கே இருக்கும். ஒரு கஸ்டமர் லேப்டாப்பில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தன. ஒன்று திறக்கும் ஃபைலை இன்னொன்று சோதிக்கும், அது சோதிப்பதை இது சோதிக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்த கதை.

2025 ஏப்ரல் 6

மார்ச் 9ல் எழுதியதில் ஒரு திருத்தம். டிஸ்க் 100 என்றால் எஸ்எஸ்டி என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அது முழுக்க உண்மை இல்லை, எனக்கே ஆப்பு விழுந்தது.

கடையில் இரண்டாவது சிஸ்டம் போன வாரம் படுத்துவிட்டது. டிஸ்க் 100. சரி என்று 1,700 ரூபாய் கொடுத்து எஸ்எஸ்டி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்து ஓஎஸ் போட்டேன். மறுபடியும் நூறு. நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்படியே உறைந்து நிற்கும், அப்புறம் நடக்கும். எஸ்எஸ்டியையே சந்தேகப்பட்டேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், சி7 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. சி7 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் அனுப்பும்போது கெட்டுப்போன பொட்டலங்களின் கணக்கு. அதாவது டிஸ்க் நன்றாக இருக்கிறது, வழிதான் சரியில்லை. சிவப்பு சாட்டா ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். முனையில் இருக்கும் கிளிப் உடைந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பிரிண்டர் மேசை ஆடும்போதெல்லாம் அதுவும் ஆடியிருக்கிறது. அறுபது ரூபாய் ஒயர். மாற்றினேன், முடிந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மறுபடி மாட்டிப் பார்த்தேன். அதுவும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அப்புறமும் எஸ்எஸ்டியைத்தான் வைத்துக்கொண்டேன், வாங்கியாகிவிட்டதே.

சிக்கல் ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த மென்பொருளை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நீலம் என்றால் நல்லது. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் 05, சி5 இரண்டு வரியையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் டிஸ்க் மாற்று இடம் கொடுத்த பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவெடுக்கக் காத்திருக்கும் பகுதிகள். சி5 ஏறினால் வேகத்தை மறந்துவிட்டு முதலில் ஃபோட்டோக்களைக் காப்பி எடுங்கள். அங்கே காட்டும் எண் பதினாறின் அடுக்குக் கணக்கில் இருக்கும், 10 என்றால் பதினாறு. இது தெரியாமல் ஒரு வருஷம் குறைத்தே படித்துக்கொண்டிருந்தேன்.

2025 மே 4

இன்றைக்குக் கத்திரி ஆரம்பம், பொருத்தமாக ஒரு கதை.

என் கூடப்பிறந்த தம்பிக்குக் கிருஷ்ணகிரி பக்கத்தில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் கணக்கு வேலை. 'அக்கா, சிஸ்டம் காலையில் குதிரை மாதிரி ஓடுது, பதினொரு மணிக்கு மேல கழுதையாயிடுது' என்றான். எஸ்எஸ்டி இருக்கிறது, 8 ஜிபி இருக்கிறது. வைரஸ் என்று இரண்டு தடவை ஃபார்மேட் அடித்துவிட்டார்கள். நேரம் பார்த்து வரும் வைரஸா? மாங்காய் வாங்கப் போன சாக்கில் போய்ப் பார்த்தேன்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் சிபியுவைத் தொட்டால் 'ஸ்பீட்' என்று ஒரு எண் தெரியும். 3.2 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டியது 0.8ல் முனகிக்கொண்டிருந்தது. சூடு நூறு டிகிரியை ஒட்டினால் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். விசிறிக்கு அடியில் இருக்கும் அலுமினியச் சீப்பு போன்ற பாகம், அதன் பல்லிடுக்கு முழுக்கச் சாம்பல் நிறத்தில் இறுகிப்போயிருந்தது. கல் தூள். வீட்டுத் தூசி என்றால் பஞ்சு மாதிரி உதிரும். இது பட்டறை ஈரத்தோடு சேர்ந்து பூச்சு வேலை செய்த மாதிரி பிடித்திருந்தது. பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு இடுக்காகக் குத்தி எடுத்தோம். ஒரு டீ கிளாஸில் கால் பங்கு சேர்ந்தது.

விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் துவரம்பருப்பு அளவு வைத்தோம். தோசைக்கு எண்ணெய் ஊற்றுவது போல ஊற்றக் கூடாது. பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்தோம். மதியம் மூன்று மணிக்குப் பார்த்தபோது 68 டிகிரி.

இரண்டு ஃபார்மேட்டுக்குக் கொடுத்த காசை நினைத்துத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

2025 மே 5

ஆமாம், உள்ளே பல்லி முட்டையும் இருந்தது. இரண்டு. அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், தம்பியே வந்து இங்கே சொல்லிவிட்டான்.

2025 ஜூன் 22

என் மெயின் சிஸ்டம், அந்த டபுள் சைடு டேப் சிஸ்டம், எழுந்திருக்க இருபத்தைந்து வினாடிதான். ஆனால் பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் திறக்க ஒரு நிமிஷத்துக்கு மேல். டிஸ்க் சும்மா இருக்கிறது, மெமரி காலி, சூடும் இல்லை. என் சட்டப்படி எதற்காகவும் காத்திருக்கவில்லை. இரண்டு வருஷம் இதோடுதான் குடும்பம் நடத்தினேன்.

நேற்று ஒரு புது ஃபான்ட்டைப் போடப் போனபோது அந்த ஃபோல்டரின் கீழ்மூலையில் எண்ணிக்கை கண்ணில் பட்டது. 2,860. கடைக்கு வந்த ஒவ்வொரு சிடியிலிருந்தும், ஒவ்வொரு பென்டிரைவிலிருந்தும் 'இருக்கட்டும்' என்று அள்ளிப் போட்டது. பாமினி என்ற தமிழ் ஃபான்ட் மட்டும் ஏழெட்டுப் பிரதி, ஒவ்வொன்றும் வேறு பெயரில். டிசைன் மென்பொருள்கள் திறக்கும்போது பட்டியல் போடுவதற்காக அத்தனை ஃபான்ட்டையும் எட்டிப் பார்க்கும். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டு, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தாலி கட்டுவது என்றால் முகூர்த்தம் தப்பத்தானே செய்யும்.

150 மட்டும் விட்டு மிச்சத்தை டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றினேன். போட்டோஷாப் பதினான்கு வினாடி.

இன்று காலையிலேயே அதற்குத் தண்டனை. போன வருஷ மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில் தேதியை மட்டும் மாற்றி, தங்கச்சி பெண்ணுக்கு வேண்டும் என்று ஒருவர் வந்தார். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்டில் அடித்தது அப்படித்தான். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் கீபோர்டு எழுத்து வெளியே தெரிந்துவிடும். எந்த ஃபான்ட் என்று கண்டுபிடித்துத் திரும்பப் போட அரைமணி நேரம். எனவே அழிக்காதீர்கள், ஒதுக்கி வையுங்கள்.

2025 ஜூலை 13

அரூர் பக்கம் இருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு ப்ளஸ் டூவில் கொடுத்த அரசு லேப்டாப்பை வைத்துக்கொண்டிருக்கிறாராம். 4 ஜிபி ரேம் வாங்கிப் போடலாமா?

அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஓஎஸ்ஸான லினக்ஸில் 'பாஸ்' என்ற ரகமும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்புக்கு 2 ஜிபிதான் உச்சவரம்பு. நீங்கள் 4 போட்டாலும் 8 போட்டாலும் 2ஐத்தான் எடுத்துக்கொள்ளும். வால்பேப்பர் மாற்றக்கூட விடாத பதிப்பு அது. அதிலேயே விண்டோஸ் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலகுவான ஒன்றைப் போடுங்கள். இன்டர்நெட் பார்க்கவும், பாடம் படிக்கவும், தமிழ் 99 கீபோர்டில் தட்டவும் போதும். கூடவே ஒரு எஸ்எஸ்டி. ரேம் அப்புறம் போட்டால் லினக்ஸ் அதை மதிக்கும்.

நான் ஏன் கடையில் லினக்ஸ் போடவில்லை என்று கேட்காதீர்கள். பேஜ்மேக்கரைவிட்டு வர முடியவில்லை. 2001ல் வந்த ஏழாவது பதிப்புதான் அதன் கடைசி, இன்னும் அதில்தான் பிழைப்பு ஓடுகிறது.

2025 ஜூலை 14

லேப்டாப்புக்கு ரேம் வாங்குபவர்கள் பழைய ரேமின் ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற இரண்டு ரேம் ரகத்துக்கும் விளிம்பில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் சொருகினால் அழுத்தினாலும் இறங்காது. டிடிஆர்3லேயே எல் போட்டது 1.35 வோல்ட், போடாதது 1.5. நான் ஒரு தடவை காலையில் ரயிலேறி பெங்களூர் எஸ்.பி. ரோடு போய்ப் பேரம் பேசி, அறுநூறு ரூபாய் மிச்சம் பிடித்து, தப்பான ரேமோடு வீடு திரும்பினேன். திருப்பிக் கொடுக்கப் போன செலவு தனி.

2025 ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல் கூட்டத்துக்கு ஒரு வாரமாகவே ஃப்ளெக்ஸ் வேலை. அதனால்தான் இந்தப் பக்கம் வரவில்லை.

ரேம் வாங்காதீர்கள் என்று தொடங்கினேன் அல்லவா, அதையும் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கடையில் உதவிக்கு வரும் பையன் 8க்கு 4 அடி பேனர் ஒன்றை 300 ரெசல்யூஷனில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், திறந்து வைத்திருந்தான். சிஸ்டம் செத்துப்போயிற்று. மெமரி 97, டிஸ்க் 100. ரேம் நிரம்பி வழிந்ததும் விண்டோஸ் டிஸ்க்கையே ரேமாக நினைத்து எழுதி எழுதிப் படிக்கிறது. அதனால் டிஸ்க் நூறு என்று தெரிந்தாலும் குற்றவாளி ரேம். மார்ச்சில் இதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மெமரி 90க்கு மேல் இருக்கும்போது வரும் டிஸ்க் 100 வேறு, மெமரி 70ல் இருக்கும்போது வரும் டிஸ்க் 100 வேறு.

ஆனால் அந்தப் பேனருக்கு 16 ஜிபி வாங்கியிருந்தாலும் தண்டம்தான். கணக்கைப் பாருங்கள். 8 அடி 96 அங்குலம், 4 அடி 48 அங்குலம். 300ல் திறந்தால் 28,800க்கு 14,400 புள்ளி. பெருக்கினால் 41 கோடியே 47 லட்சம். பிரிண்டுக்கான நான்கு நிறக் கணக்கான சிஎம்ஒய்கேவில் ஒரு புள்ளிக்கு நான்கு பைட், ஆக ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கான லேயர் ஒன்றுக்கே ஒன்றரை ஜிபிக்கு மேல். பையன் போட்டிருந்தது தலைவர்கள் படம், ஊர்ப் பெரியவர்கள் படம் எல்லாம் சேர்த்து முப்பது லேயர். எல்லா லேயரும் முழுசாக நிரம்பியிருக்காது, இருந்தாலும் தாங்குமா? அதையே 72ல் திறந்தால் 2 கோடியே 39 லட்சம் புள்ளி, லேயருக்கு நூறு எம்பிகூட இல்லை. ரோட்டோரத்தில் பஸ்ஸிலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 தாராளம். 300 என்பது கையில் பிடித்துப் படிக்கும் பத்திரிகைக்கு.

'அக்கா, சிஸ்டம் மாத்தணும்' என்றான். ஒரு எண்ணை மாற்றினோம்.

2025 ஆகஸ்ட் 4, ராத்திரி

சரி, சரி. அப்படியானால் ரேமே வேண்டாமா என்று கேட்கிறார்கள். 4 ஜிபியோடு இருப்பவர்கள் எஸ்எஸ்டி போட்ட பிறகு 8 ஆக்கிக்கொள்ளுங்கள். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தாலே 4 தீர்ந்துவிடுகிறது. வரிசைதான் முக்கியம், முதலில் எஸ்எஸ்டி. என்னைப் பிடித்து உலுக்கியவர்களுக்கு நன்றி இல்லை.

2025 அக்டோபர் 14

இன்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிகிறது. காலையிலிருந்து நான்கு பேர் கடைக்கு வந்து 'நாளைக்கு சிஸ்டம் ஓடாதாமே' என்கிறார்கள். ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நிற்கும். வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, திருத்தங்கள் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்குகளை அதோடு சேமிக்க ஒப்புக்கொண்டால் காசில்லை.

பாலக்கோட்டுக்காரரின் மூன்றாம் தலைமுறை ஐ3க்கு விண்டோஸ் 11 கிடையாது. இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று சொல்வார்கள். என் கடையில் பேங்க் வேலையும் ஆதார் பிரிண்டும் நடப்பதால் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அது சரி, அவர் என்ன ஆனார்? மார்ச்சுக்கு அப்புறம் ஆளையே காணோம்.

2025 நவம்பர் 2

நேரிலேயே வந்துவிட்டார். சிபியு பெட்டியைத் தக்காளி கிரேட்டில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, பாப்பாரப்பட்டி வழியாக பஸ்ஸில். எட்டு மாதமாக இங்கே எழுதியது எல்லாவற்றையும் படித்திருக்கிறார், எதையும் செய்யவில்லை. 'நீங்க ஒண்ணு சொல்றீங்க, அப்புறம் திருத்துறீங்க. முடிவாகட்டும்னு இருந்தேன்ம்மா' என்றார். அதற்கு நான் என்ன சொல்வது?

ஆன் செய்தோம். எழுந்திருக்கும் முன்பே கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றது. அவர் பழகின கையோடு எஃப்1ஐ அழுத்தினார். 'இது எப்பவுமே கேக்குமா?' என்றேன். 'ரெண்டு வருஷமா கேக்குது.' கேள்வியில் இதை எழுதவே இல்லை. மூலையில் தேதி 2012 ஜனவரி 1. பிரவுசரைத் திறந்தால் பாதித் தளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று கதவைச் சாத்துகின்றன. நெட் பக்கம் திறப்பதில்லை என்று அவர் எழுதியதன் பாதி இதுதான். தளங்களின் சான்றிதழுக்குத் தேதி உண்டு. சிஸ்டம் 2012ல் வாழ்ந்தால் இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரி, கால்குலேட்டர் கடையில் நாற்பது ரூபாய். மாற்றித் தேதி வைத்ததும் எஃப்1 கேட்பது நின்றது, பக்கங்களும் திறந்தன.

பழைய டிஸ்க் மஞ்சள் காட்டியது, சி5ல் இரண்டு இலக்கம். முதலில் அவர் பேத்தி ஃபோட்டோக்களைக் காப்பி எடுத்தோம். நாற்பது நிமிஷம் முனகி முனகிக் கொடுத்தது, மூன்று படம் வரவில்லை. மார்ச்சிலேயே வந்திருந்தால் அந்த மூன்றும் வந்திருக்கும் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அப்புறம் எஸ்எஸ்டி. டபுள் சைடு டேப். ரேமைக் கழற்றி, அழி ரப்பரால் தங்கக் கோடுகளைத் தேய்த்துத் திரும்பச் சொருகினேன், அது வெறும் பழக்கதோஷம். 8 ஜிபி இப்போதைக்கு வேண்டாம் என்றார், சரி என்றேன்.

இருபத்தாறு வினாடி. இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

பந்தயத் தக்காளி ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோவாக வந்து சேர்ந்தது. அவர் பஸ் ஏறிப் போன பிறகு மேசையைத் துடைக்கும்போது ஒரு ஸ்க்ரூ கிடந்தது. அவருடையதுதான். பாலக்கோட்டுக்காரரே, இதைப் படித்தால் பயப்படாதீர்கள், பக்கவாட்டுத் தகட்டின் ஸ்க்ரூதான் என்று நினைக்கிறேன்.